மங்கம்மாளும் மத சுதந்திரமும்

வடுகபட்டி என்னும் ஊர்ப் பெயரிலேயே ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது. பெரியகுளத்துக்கு அருகே, பூண்டு வியாபாரத்தால் பெயர் பெற்று விளங்கும் இவ்வூரைத் தேனி மாவட்டத்தார் அனைவரும் அறிவர். ஆயின், ‘வடுகர்’ என்பது வேங்கடத்துக்கு வடக்கேயிருந்து வந்தோரைத் தமிழர் குறித்த பழம் பெயர் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. விஜயநகரப் பேரரசின் பிரதிநிதிகளாய் மதுரைக்கு வந்து, பின்னர் தாமே அரசு செலுத்திய நாயக்க மன்னர்களின் காலத்தில், தெலுங்கும் கன்னடமும் பேசும் குடிகள் பல இப்பிரதேசத்தில் வந்து தங்கின. போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், கண்டமனூர் முதலிய ஊர்கள் அந்நாளைய பாளைய ஏற்பாட்டை இன்றும் நினைவூட்டி நிற்கின்றன.

வந்தவர்கள் தங்கள் பாஷையை மட்டுமா கொண்டு வந்தார்கள்? தங்கள் தெய்வங்களையும் ஆசாரங்களையும் உடன் கொண்டு வந்தார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே இப்பள்ளத்தாக்கில் பல சமயங்கள் வாழ்ந்திருந்தன. உத்தமபாளையத்துப் பாறையில் ஜைன தீர்த்தங்கரர்களின் உருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்டவை. இன்று அவ்விடத்தைக் கருப்பண்ணசாமியின் பெயரால் ஜனங்கள் அழைக்கின்றனர். அதே ஊரில் காளத்திநாதருக்கு ஆலயமுண்டு. ராவுத்தர் குடும்பங்கள் நிறைந்த தெருக்களும் உண்டு. சற்றுத் தொலைவில் ராயப்பன்பட்டியில் மாதா கோயிலின் மணி ஒலிக்கிறது. இத்தனை சமயத்தாரும் ஒரே ஆற்று நீரைப் பாய்ச்சி, ஒரே சந்தையில் கொண்டு கொடுத்து வாழ்ந்து வருகின்றனர்.

இத்தகைய தேசத்தை ஆளும் ஒருவர், தம்முடைய சமயத்தைச் சேராத பிரஜைகளை எவ்வாறு நடத்த வேண்டும்? அரசியலில் இதைவிடப் பழமையான கேள்வியும் இல்லை. இதைவிடப் புதிய கேள்வியும் இல்லை. இதற்கு ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் ஒரு விடை கண்டார்கள். மதுரை ராஜ்யத்தை ஆண்ட ராணி மங்கம்மாள் வேறொரு விடை கண்டாள். இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது நமக்குப் பயன் தரும்.

ரோமாபுரி கண்ட விடை

மிலான் நகரில் 313-ஆம் ஆண்டு கான்ஸ்டன்டைன், லிசினியஸ் என்னும் இரு சக்கரவர்த்திகளும் கூடி, கிறிஸ்தவர்களும் மற்றெவரும் தத்தமக்கு விருப்பமான சமயத்தை அனுசரிக்கலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்புதான் கிறிஸ்தவர்கள் அரசாங்கத்தாரால் கொடிய இம்சைகளுக்கு ஆளாக்கப்பட்டிருந்தனர். ஆகவே அவர்களுக்கு இது மறு பிறவி போலாயிற்று. எல்லாச் சமயத்தார்க்கும் இடமளித்த அவ்வறிவிப்பு நிலைத்திருக்குமாயின், உலக சரித்திரம் வேறு வழியிற் சென்றிருக்கும்.

நிலைக்கவில்லை. கான்ஸ்டன்டைனின் மக்கள் காலத்தில் பழைய தெய்வங்களின் வழிபாட்டுக்குத் தடைகள் பிறந்தன. 361-ஆம் ஆண்டு ஜூலியன் பட்டத்துக்கு வந்தான். இளமையில் கிறிஸ்தவனாக வளர்க்கப்பட்டுப் பின் பழைய தெய்வங்களிடம் மனத்தைச் செலுத்தியவன் அவன். மூடிக் கிடந்த கோயில்களைத் திறந்தான். நாடு கடத்தப்பட்டிருந்த பிஷப்புகளையும் திரும்ப அழைத்துக்கொண்டான். கிறிஸ்தவர்களைக் கொல்லக் கூடாதென்பது அவன் கொள்கை. அவன் கீர்த்தி கீழ்த்திசைக்கும் எட்டியது. இந்திய தேசத்தாரும் சேரந்தீவு எனப்பட்ட இலங்கையாரும் காணிக்கைகளுடன் அவனிடம் தூதர்களை அனுப்பினார்கள் என்று அவன் கீழ்ப் படையில் சேவித்த சரித்திராசிரியர் அம்மியானஸ் எழுதி வைத்திருக்கிறார்.

அத்தகைய ஜூலியனும் 362-ஆம் ஆண்டு ஓர் உத்தரவு போட்டான். பழைய காவியங்களில் வரும் தெய்வங்களை நம்பாத ஆசிரியர்கள் அக்காவியங்களைப் போதிக்கலாகாது என்பது அதன் கருத்து. கிறிஸ்தவ ஆசிரியர்களைப் பள்ளிக்கூடங்களிலிருந்து வெளியேற்றுவதே இதன் பலன். வாளை உறையிலிட்டுக்கொண்டு, வயிற்றில் அடிப்பதற்கு ஒப்பானது இது. அம்மியானஸ் அவனுடைய அபிமானி. அவனைப் போலவே பழைய சமயத்தைச் சேர்ந்தவர். அவரே இவ்வுத்தரவைக் கடிந்து எழுதியிருக்கிறார். தன் கட்சியான் செய்த தவறைத் தவறென்று சொல்லும் ஆண்மை சரித்திராசிரியர்க்கு அணிகலன். அரசியல் தொண்டர்க்கும் அதுவே அணிகலன்.

ஜூலியன் இருபது மாத காலமே ஆண்டு, 363-இல் பாரசீகப் போர்க்களத்தில் மாண்டான். பிறகு 380-இல் தியோடோஸியஸ் சக்கரவர்த்தி, தான் அங்கீகரித்த ஒரு கிறிஸ்தவக் கோட்பாடே பிரஜைகள் அனைவருக்கும் உரிய மதம் என்று விதித்தான். 391-ஆம் ஆண்டு முதல் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதும் கோயில்களில் வழிபடுவதும் சட்ட விரோதமாயின. நேற்று இம்சைப்பட்டவர்கள் இன்று சட்டத்தின் துணைகொண்டு மற்றவர்களை ஒடுக்கலாயினர். ஒரு தலைமுறைக்குள் மூன்று முறை திசை மாறிய கப்பலாயிற்று ரோமாபுரி ராஜ்யம். சுக்கானைப் பிடித்தவன் மனம் மாறுந்தோறும் பிரஜைகளின் ஆத்மாவும் மாறவேண்டுமென்று எதிர்பார்க்கப்பட்டது.

மதுரை கண்ட விடை

இனி நம் நாட்டுக்கு வருவோம். மதுரை நாயக்கர்களின் ராஜ்யத்தை 1659 முதல் 1682 வரை ஆண்ட சொக்கநாத நாயக்கனின் மனைவி மங்கம்மாள். அவளுடைய மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பன் 1689-இல் அம்மை கண்டு இளவயதில் இறந்தான். அப்பொழுது கர்ப்பவதியாயிருந்த அவன் மனைவி, ஆண் மகவு ஒன்றைப் பெற்றுக் கொடுத்துவிட்டுத் தானும் உயிர் நீத்தாள். அக்குழந்தைதான் விஜயரங்க சொக்கநாதன். கணவனையும் மகனையும் மருமகளையும் இழந்த மங்கம்மாள், பேரக் குழந்தையின் பெயரால் திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜ்ய பாரத்தைத் தாங்கினாள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அப்பாரம் அவள் தோளில் இருந்தது.

அக்காலம் எத்தகையது என்பதை நேயர்கள் சிந்திக்க வேண்டும். வடக்கே ஔரங்கசீப்பின் சேனை செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. மேற்கே மைசூர் அரசன் சமயம் பார்த்திருந்தான். தஞ்சையில் மராட்டியர், கிழக்கே கிழவன் சேதுபதி, தெற்கே திருவாங்கூர். ஒருவரிடம் கப்பம் வாங்கவும் மற்றொருவருக்குத் திறை கொடுக்கவும் வேண்டியிருந்த நிலை. வலியோர் நடுவே ஒரு சிறு ராஜ்யம், அதுவும் ஒரு பெண்ணின் கையில். இந்நெருக்கடியில், சொந்த மதத்தாரை மகிழ்விப்பதற்காக மற்ற மதத்தாரை வருத்துவது எளிய தந்திரம். அரசர்கள் பலர் அதைக் கையாண்டிருக்கிறார்கள். மங்கம்மாள் கையாளவில்லை.

அவள் மீனாட்சியம்மையிடம் ஆழ்ந்த பக்தி கொண்டவள். மதுரை ஆலயத்து ஊஞ்சல் மண்டபத்து விதானச் சித்திரங்களில் அவள் உருவத்தை இன்றும் காணலாம். ஆயினும், 1701-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் உள்ள நத்தர் வலி தர்காவின் பராமரிப்புக்காக அவள் அரசாங்கம், பேரன் விஜயரங்கன் பெயரால், கிராமங்களை மானியமாக விட்டது. முகலாய சேனைக்குத் திறை செலுத்திய கசப்பை, உள்ளூர் முஸ்லிம்கள் மீது அவள் காட்டவில்லை. படையெடுத்து வருபவன் வேறு, பக்கத்து வீட்டில் வாழ்பவன் வேறு என்னும் விவேகம் அவளுக்கு இருந்தது. இவ்விவேகம் இல்லாமையால் தேசங்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல.

கிறிஸ்தவர்கள் விஷயத்திலும் அவள் நடந்துகொண்ட முறை இதுவே. மறவர் சீமையில் சிறைப்பட்டிருந்த மெல்லோ பாதிரியாரை 1691-இல் விடுவிக்கச் செய்தாள். ஆவூரில் ஆலயம் அமைத்துப் பணி புரிந்து வந்த போசேத் என்னும் பிரஞ்சுப் பாதிரியார், அவள் தளவாய் நரசப்பய்யனைக் கண்டு மரியாதை செலுத்தியபோது, தேசங்களின் பெயர்களைத் தமிழில் எழுதிய பூகோள உருண்டையொன்றைக் காணிக்கையாக வைத்தார். தளவாயும் அவரைச் சகல மரியாதைகளோடும் வரவேற்றான். அவரவர்க்கு ஏற்ற உணவை அவரவர் உண்பது போல, அவரவர்க்கு உவந்த சமயத்தை அவரவர் அனுசரிக்கலாம் என்னும் கருத்துப்பட மங்கம்மாள் கூறியதாக ஒரு செய்தியும் வழங்கி வருகிறது.

அதே காலத்தில் பக்கத்துச் சீமையில் நடந்தது என்ன? கிழவன் சேதுபதியின் உறவினனான தடியத் தேவன் கிறிஸ்தவனாகித் தன் மனைவியருள் ஒருத்தி தவிர மற்றவர்களை நீக்கினான். நீக்கப்பட்டவர்களுள் சேதுபதியின் குடும்பத்துப் பெண்ணும் ஒருத்தி. இது குடும்பச் சச்சரவு. ராஜ்ய விவகாரமும் ஆயிற்று. முடிவில், 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி, அருளானந்தர் எனத் தமிழ் மக்கள் அழைத்த ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் வெட்டுண்டு மாண்டார். சேதுபதி சாமானியன் அல்லன். வீரத்திலும் நிர்வாகத்திலும் பெயர் எடுத்தவன். ஆனால் சினம் நியாயத்தின் ஆசனத்தில் ஏறியபோது, அவன் புகழில் இந்தக் கறை படிந்தது.

ஐரோப்பா அன்று

மத சகிப்பு என்பதை ஐரோப்பியரிடமிருந்தே நாம் கற்றோம் என்று சொல்வாரும் உளர். அவர்கள் ஆண்டுகளைச் சற்றே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புரோட்டெஸ்டண்ட் வகுப்பாருக்கு அளித்திருந்த உரிமையைப் பிரான்ஸ் தேசத்துப் பதினான்காம் லூயி மன்னன் 1685-இல் ரத்து செய்தான். பல்லாயிரக்கணக்கானோர் தேசத்தை விட்டு ஓடினர். மங்கம்மாள் ஆட்சிக்கு வந்த அதே 1689-இல் இங்கிலாந்தில் சகிப்புச் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டத்தின் நன்மை கத்தோலிக்கர்களுக்கு இல்லை. லண்டன் மாநகரில் கத்தோலிக்கப் பாதிரி ஒருவர் பகிரங்கமாகப் பூஜை நடத்த முடியாதிருந்த காலத்தில், திருச்சிராப்பள்ளித் தளவாய் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரை மரியாதையுடன் வரவேற்றுப் பேசிக்கொண்டிருந்தான்.

இதைச் சொல்வது வெறும் பெருமைக்காக அன்று. பெருமை பேசி ஓய்ந்துவிடுவது நம்மவர்களின் பழைய நோய். முன்னோர் வைத்த பொருளை எண்ணிப் பார்ப்பதோடு, அதில் குறைவது எவ்வளவு என்பதையும் எண்ணிப் பார்ப்பவனே நல்ல வாரிசு.

ஓலையில் ஒரு தீர்ப்பு

மங்கம்மாளின் ஆட்சியில் நடந்த ஒரு வழக்கு நம் கவனத்துக்கு உரியது. மதுரையில் பட்டு நெசவு செய்து வாழ்ந்த சௌராஷ்டிர மக்கள், பிராமணர்க்குரியதெனக் கருதப்பட்ட உபாகர்மச் சடங்கைச் செய்தார்கள். அதற்காக அவர்களில் பதினெட்டுப் பேரை மதுரை அதிகாரி பிடித்து வைத்தான். விவகாரம் ராணியிடம் சென்றது. அவள் வேத ஆகமங்களில் வல்லவர்களைக் கூட்டி விசாரிக்கச் செய்தாள். விசாரணையின் முடிவில், சௌராஷ்டிரர்கள் அச்சடங்குகளை அனுசரித்துக்கொள்ளலாமென்று ஓலையில் தீர்ப்பு எழுதிக் கொடுக்கப்பட்டது.

இச்சடங்கை யார் செய்யலாம், யார் செய்யக் கூடாது என்னும் வாதமே இக்காலத்து நமக்கு உவப்பானதன்று. ஆயினும் இவ்வழக்கில் ஓர் அம்சம் உண்டு. அதிகாரியின் கோபத்தால் சிறைப்பட்டவர்களின் உரிமையை, ராணியின் தயவும் தீர்மானிக்கவில்லை, விசாரணை தீர்மானித்தது. தீர்மானித்தது வாய் வார்த்தையாகப் போகவில்லை, ஓலையில் எழுதப்பட்டது. அருள் உரிமையாக மாறும் வழியில் இது முதல் அடி. தர்காவுக்கு விட்ட மானியத்தைக் காட்டிலும், பாதிரியாருக்குச் செய்த உபசாரத்தைக் காட்டிலும், இவ்வோலையையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

ஆட்சேபங்கள் இரண்டு

மங்கம்மாள் செய்ததெல்லாம் ராஜதந்திரமே, தர்மமன்று என்று ஒரு சாரார் கூறலாம். மொகலாயரின் மனம் கோணாதிருக்கவே தர்காவுக்கு மானியம்; படைக்கும் வியாபாரத்துக்கும் ஆள் வேண்டியே பாதிரிமாருக்கு ஆதரவு என்பது அவர்கள் வாதம். அப்படியே இருக்கட்டும். ஊரைக் கூட்டி வாழவைக்கும் தந்திரமும் உண்டு; ஊரைப் பிரித்து ஆளும் தந்திரமும் உண்டு. பின்னதை நூற்றைம்பது ஆண்டுகள் அனுபவித்த நமக்கு முன்னதன் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தந்திரம் தர்மத்தின் பாதையிலேயே செல்லுமாயின் அதை நிந்திப்பானேன்?

இரண்டாவது ஆட்சேபம் வலிமையுள்ளது. அதற்கு நாம் தலை வணங்கியே ஆக வேண்டும். வேற்றுச் சமயத்தாரிடம் இத்தனை பெருந்தன்மை காட்டிய அரசாட்சியில், அரசியின் சொந்தச் சமயத்தைச் சேர்ந்தவர்களிலேயே பல்லாயிரம் பேர் கோயில் வாசலுக்கு வெளியே நின்றார்கள். உழுதவர்கள், பறை முழக்கியவர்கள், செருப்புத் தைத்தவர்கள் மீனாட்சியின் கோபுரத்தைத் தூரத்திலிருந்து கண்டு கும்பிட்டார்கள். ராணியின் உருவத்தை விதானத்தில் ஏற்றிய ஆலயம், அவளுடைய பிரஜைகளில் ஒரு பகுதியாருக்கு அடைத்தே கிடந்தது. அவளுக்குப் பின்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே கிடந்தது.

அக்கதவைத் திறந்தது எந்த அரசனுடைய அருளும் அன்று. 1939 ஜூலை 8-ஆம் தேதி, மதுரை வைத்தியநாத ஐயர், கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்புத் தொண்டர்களை உடனழைத்துக்கொண்டு ஆலயத்துள் பிரவேசித்தார். எதிர்ப்பும் வழக்கும் சூழ்ந்தன. ராஜாஜியின் மந்திரி சபை அவசரச் சட்டத்தாலும் பின்னர் ஆலயப் பிரவேசச் சட்டத்தாலும் அச்செயலுக்கு அரணிட்டது. தீண்டாமை பாராட்டும் ஆலயத்துள் காலெடுத்து வைப்பதில்லை என்றிருந்த மகாத்மா காந்தி, 1946 பிப்ரவரியில் மதுரைக்கு வந்து மீனாட்சியைத் தரிசித்தார்.

இதன் பொருள் என்ன? அரசரின் பெருந்தன்மை அவர் கண் செல்லும் தூரமே செல்லும். கண்ணுக்குப் புலப்படாத மூலையில் நிற்பவனை அது எட்டாது. தன் உரிமைக்காகக் குடிமகன் தானே எழுந்து நிற்கும்போதுதான் கதவு முழுவதும் திறக்கிறது.

அருளும் உரிமையும்

மங்கம்மாளின் ஆட்சி 1706-ஆம் ஆண்டளவில் முடிந்தது. அவள் அரண்மனையிலேயே அடைபட்டுப் பட்டினியால் இறந்தாள் என்று கர்ண பரம்பரைக் கதை கூறுகிறது. பேரன் விஜயரங்கன் ஆலயங்களுக்கு வாரி வழங்கினான். ஆனால் நிர்வாகத்தில் அவன் மனம் செல்லவில்லை. அவன் 1732-இல் இறந்த சில ஆண்டுகளுக்குள் மதுரை நாயக்க ராஜ்யமே மறைந்தது. பாட்டியின் விவேகம் பேரனுக்குப் பிதுரார்ஜிதமாகச் சேரவில்லை. நல்ல மனம் உயில் எழுதி வைக்கக் கூடிய சொத்தன்று.

ரோமாபுரியும் மதுரையும் ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கின்றன. கான்ஸ்டன்டைன் கொடுத்ததைத் தியோடோஸியஸ் பறித்தான். ஜூலியன் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தான். மங்கம்மாள் கொடுத்தாள், பறிக்கவில்லை, ஆயினும் அவள் கொடுத்தது அவள் ஆயுளோடு கட்டுண்டிருந்தது. ஒரு மனிதர் கொடுப்பதை இன்னொரு மனிதர் பறிக்கலாம். ‘சகிப்பு’ என்னும் சொல்லிலேயே ஒரு குறை இருக்கிறது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனைப் பொறுத்துக்கொள்கிறான் என்பது அதன் தொனி. பொறுமைக்கு எல்லை உண்டு. உரிமைக்கு எல்லை சட்டம் ஒன்றே.

1949 நவம்பர் 26-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை ஏற்று, 1950 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனம், 17-ஆம் ஷரத்தில் தீண்டாமையை ஒழித்தது. 25 முதல் 28 வரையுள்ள ஷரத்துக்களில் மத சுதந்திரத்தை நாட்டியது. மனச்சாட்சியின்படி ஒரு சமயத்தைக் கைக்கொள்ளவும், அனுசரிக்கவும், பரப்பவும் எல்லோருக்கும் சம உரிமை உண்டென்று அது கூறுகிறது. பொது அமைதி, ஒழுக்கம், சுகாதாரம் முதலியவற்றுக்கு உட்பட்டது அவ்வுரிமை. இதை எந்தச் சக்கரவர்த்தியும் நமக்கு அருளவில்லை. நாமே நமக்கு எழுதிக்கொண்டோம். மங்கம்மாளின் ஓலை பதினெட்டுப் பேருக்கு எழுதியது. இந்த ஓலை கோடானுகோடிப் பேருக்கு எழுதியது.

ஆனால் ஓலை தானே காவல் காக்காது. மிலான் நகர அறிவிப்பும் எழுத்தில் இருந்ததுதான். எழுத்துக்கு உயிர் கொடுப்பவர்கள் ஜனங்கள். பக்கத்து வீட்டானுடைய வழிபாட்டுக்கு இடையூறு நேரும்போது, ‘அது அவன் பாடு’ என்று இருந்துவிட்டால், நம் வழிபாட்டுக்கு இடையூறு நேரும் நாளில் குரல் கொடுக்க ஆளிருக்காது. தன் கட்சி அதிகாரத்தில் இருக்கும்போது மற்றவர் உரிமைக்காகப் பேசுகிறவனே உண்மையான சுதந்திர வாதி. தன் உரிமைக்காகப் பேசுவதற்குப் பெரிய தைரியம் வேண்டாம்.

மதுரையில் நாயக்கர் காலத்துத் தமுக்கம் அரண்மனையை மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அதில் இன்று காந்தி நினைவு மியூசியம் இருக்கிறது. 1959-இல் நேரு திறந்து வைத்த அம்மியூசியத்தில், 1948 ஜனவரி 30-ஆம் தேதி மகாத்மா அணிந்திருந்த, ரத்தக் கறை படிந்த துணி பாதுகாக்கப்பட்டு வருகிறது. பல சமயத்தாரும் கூடி வாழவேண்டும் என்பதற்காக உயிர் கொடுத்தவரின் துணி அது. மதுரைக்குச் செல்லும் இளைஞர்கள் மீனாட்சியைத் தரிசித்துவிட்டு அங்கும் செல்லட்டும். வடுகபட்டியிலும் உத்தமபாளையத்திலும் ராயப்பன்பட்டியிலும் நம் ஜனங்கள் யாருடைய உத்தரவும் இன்றிக் கூடி வாழ்ந்துவரும் வாழ்க்கைக்கு, அரசியின் அருள் ஒரு காலத்தில் துணை நின்றது. இன்று சட்டம் துணை நிற்கிறது. அச்சட்டத்துக்குத் துணை நிற்க வேண்டியவர்கள் நாம்.